ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள்

அவளுக்கு இரண்டு பெயர்கள். வாயால் கூப்பிடுவது ஒன்று. வங்கியிலும் மருத்துவமனையிலும் அதைச் சொல்லித்தான் அழைப்பார்கள், எழுந்து போவாள். கையால் கூப்பிடுவது இன்னொன்று. ஆள்காட்டி விரலைக் கண்ணுக்குக் கீழே வைத்துக் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தால் அது அவள். வாயால் சொல்வதானால், அழுமூஞ்சி. காதோரம் நரைத்து, கல்லூரிக்குப் போகும் மகளும் உள்ள ஒரு பெண்ணை ஒரு கூட்டமே முகத்துக்கு நேராக அழுமூஞ்சி என்று கூப்பிடும். அவளும் என்ன என்று திரும்புவாள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது. அவளுக்குக் கேட்கும். வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே கைப்பேச்சு வந்துவிட்டது. பாவாடை கட்டத் தெரியாத வயதில் கடைக்காரரிடம் அம்மாவுக்காகப் பேரம் பேசினாள். அப்பாவின் நெஞ்சில் கோளாறு என்று டாக்டர் சொன்னதை அப்பாவுக்கு எடுத்துச் சொன்னதும் அவள்தான். அப்போது பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டாள். கோர்ட்டில், மருத்துவமனையில், வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், சம்பந்தம் பேசும் வீட்டில், பேசுகிறவருக்குப் பக்கத்தில் நின்று வாய் சொன்னதைக் கையாலும் கை சொன்னதை வாயாலும் மாற்றித் தருவாள். கோர்ட்டில் கைக்காரம்மா என்பார்கள்.

அந்த வேலைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. பூப்போட்ட துணி உடுத்தக்கூடாது. கை தெரியாமல் போய்விடும். வளையல், மோதிரம் கூடாது. சொன்னதில் ஒன்றைக் குறைக்கவோ கூட்டவோ கூடாது. ஒருவன் திட்டினால் திட்டைத் திட்டாகவே தர வேண்டும். நீதிபதியின் முன் 'நான் எடுக்கவில்லை' என்று அவள் சொன்னால், எடுக்காதது அவளல்ல, பக்கத்தில் நிற்பவன். எத்தனையோ பேருடைய 'நான்' ஒரே நாளில் அவள் வழியாக வந்து போகும். திருடனும் அவளே, திருட்டுக் கொடுத்தவளும் அவளே.

"இன்னைக்கு யாரா இருந்த?" என்பார் வீட்டுக்காரர். லாரி ஆபீசில் சரக்கு ஏற்றி அனுப்பும் வேலை அவருக்கு.

"காலையில ஜாமீன் கேட்கிற ஆளு. மத்தியானம் பிள்ளைத்தாச்சி."

"சாயங்காலமாவது எனக்குப் பொண்டாட்டியா இருப்பியா?"

"காபி போட்டுக் குடுத்தா யோசிக்கிறேன்."

இன்னொரு ஒழுங்கும் உண்டு. கைமொழிக்குப் புதுச்சொல் வேண்டுமென்றால் அதைக் காது கேளாதவர்கள்தான் ஆக்க வேண்டும். அவள் அவர்கள் வீட்டுப் பிள்ளைதான், ஆனாலும் ஆக்கக்கூடாது. பெயரும் அப்படித்தான். காது கேளாதோர் சங்கத்தில் யாரும் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ள முடியாது. கூட்டம் பார்த்து வைக்கும். பார்த்தது என்னவோ அதுதான் பெயர். சங்கத் தலைவர் பழைய அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். எதையோ விரல் நுனியில் கிள்ளி மூக்குக்கு முன்னால் பிடித்தால் அவர். தையல்காரர் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பிறந்தவர் போல இருப்பார். உதட்டோரம் இரண்டு விரலை வைத்தால் அவர். மெக்கானிக்குக்கு நடுவிரல் மடங்காது. வேறு சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் வைத்தவர் ஒருவர் உண்டு, வைத்த கதை ஒன்று உண்டு. மாற்றித் தரச்சொல்லிக் கேட்பது, சாப்பிட்ட வீட்டில் உப்பில்லை என்று சொல்வது மாதிரி.

அவள் பெயரை வைத்தவர் தையல்காரர். அவள் கைக்குழந்தையாகக் கேரம் பலகைக்கு அடியில் கிடந்து அழுதாளாம். மேலே ஆட்டம் ஓடிக்கொண்டிருந்ததாம். "நான்தான் பார்த்தேன், நான்தான் வைச்சேன்" என்று அவர் சொல்லாத ஆண்டுவிழா இல்லை. அவள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையிடமும் சொன்னார். அதை மாப்பிள்ளைக்கு மொழிபெயர்த்துச் சொன்னவள் மணப்பெண்தான்.

இந்தப் பெயரில் அவளுக்குக் குறை ஏதும் இருந்ததில்லை, போன வருஷம் அம்மா போகும்வரை.

அம்மா அவளை வேறு விதமாகக் கூப்பிடுவார். குழந்தை இரவில் அழுதால் எப்படித் தெரியும்? அதற்காக ஒரு துணிநாடாவை எடுத்து ஒரு முனையைக் குழந்தையின் காலிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு தூங்குவாராம். குழந்தை உதைத்தால் நாடா இழுக்கும், எழுந்துகொள்வார். குழந்தை வளர்ந்தது, நாடா போயிற்று, இழுப்பு மட்டும் தங்கிவிட்டது. இடது மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஓர் இழுப்பு. வீட்டுக்குள் அதுதான் அவள். அப்பாவும் அப்படியே கூப்பிட்டார். சங்கத்துக்கு வந்தால் அவர்களும் எல்லோரையும் போலக் கன்னத்தில் கோடு இழுப்பார்கள்.

அப்பா முன்பே போய்விட்டார். இப்போது அம்மாவும் இல்லை. ஒருநாள் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது தன் மணிக்கட்டைத் தானே இழுத்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவரும் முயன்று பார்த்தார்.

"கொசு கடிச்சுச் சொறியற மாதிரி இருக்கு. விட்டுடுங்க."

"நானும் பழகணும்ல?"

"வேணாம். உங்க வாயாலயே கூப்பிடுங்க."

சங்கத்தில் ஒருவராவது அப்படிக் கூப்பிட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். கையை வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் அவர்கள்தான். ஆனால் கேட்கக்கூடாது. கேட்காமல் எப்படி வரும்? ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் இந்த நினைப்போடு போய், இதே நினைப்போடு படியிறங்கி வந்தாள்.

சங்கம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. நீளமான அறை, மரத்தரை, மடக்கு நாற்காலிகள், ஒரு கேரம் பலகை. கதவுமணியை அழுத்தினால் பல்பு எரியும். ஒருவரைக் கூப்பிடத் தரையை மிதிப்பார்கள். அமைதியான இடம் என்று நினைத்து வருகிறவர் ஏமாந்து போவார். நாற்காலி இழுபடும், கதவு படீரென்று மூடும், கேரம் காய் தெறிக்கும். யாருக்கும் தொந்தரவில்லை, அவளுக்கு மட்டும் தலைவலிக்கும்.

அங்கேதான் அந்தச் சண்டை கிளம்பியது. மெக்கானிக் கும்பிடுவது வேறு இடத்தில், தையல்காரர் கும்பிடுவது வேறு இடத்தில். அதனால் அவர்களுக்குள் ஒருநாளும் வம்பு வந்ததில்லை. வம்பெல்லாம் கேரம் காயால்தான். அன்று ஆட்டத்துக்கு நடுவில் மெக்கானிக் விரலைத் தன் புருவங்களுக்கு நடுவில் வைத்தான். இந்து என்பதற்கு அவர்கள் கையில் உள்ள சொல் அது.

"இந்தப் பேரை யார் வைச்சது?" என்றான்.

"யாரும் வைக்கலை. அது எப்பவும் இருக்கு" என்றார் தையல்காரர்.

"எல்லாப் பேருக்கும் வைச்சவன் ஒருத்தன் உண்டுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது உன்னை மாதிரி என்னை மாதிரி ஆளுக்கு. சூரியனுக்கு எவன்டா பேர் வைச்சான்?"

"எவனோ பார்த்துத்தான் வைச்சான். சூரியன் தானா வைச்சுக்கலையே."

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கையால் பேசுகிறவர்களிடம் காதைப் பொத்திக்கொள்வது அதுதான். மெக்கானிக் அவர் தோளைத் தட்டினான், அவர் திறக்கவில்லை. தலைவர் தரையை மிதித்தார்.

"உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சவரைக் கூப்பிட்டுக் கேட்போம்."

ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் வர ஒப்புக்கொண்டார். அவள் முந்தின நாள் அவருக்குப் போன் செய்தாள்.

"என்ன பேசப்போறீங்கன்னு கொஞ்சம் சொன்னீங்கன்னா நான் தயார் பண்ணிக்குவேன் சார்."

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து பேசறேன்மா. வாயைத் திறந்தா வரும்."

"உங்களுக்கு வாயில வரும் சார். எனக்குக் கையில வரணுமே."

அவர் சிரித்தார். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அறை நிறைந்திருந்தது. பேராசிரியர் மெலிந்த ஆள். பேசும்போது இல்லாத சாக்கட்டியை விரலிலிருந்து தட்டிவிட்டபடியே இருந்தார். தொடங்கியதும் எல்லோரும் செய்கிற தவறைத்தான் அவரும் செய்தார்: சபையைப் பார்க்காமல் அவளையே பார்த்துப் பேசினார்.

"என்னைப் பார்க்காதீங்க சார். அவங்களைப் பாருங்க. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க."

"சரிம்மா" என்றார் அவளைப் பார்த்து.

மேற்கே ஒரு பழைய அரசன், தன் கையில் இருக்கும் நாடுகளின் பெயர்களையெல்லாம் கல்லில் வெட்டி வைத்தான் என்று ஆரம்பித்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் இருக்கும் என்றார். "இந்தச் சொல்லை எழுத்துல பார்க்கிறதுன்னா அங்கதான் முதல்ல பார்க்கிறோம். அந்த நாடுகள்ல ஒண்ணுக்குப் பேர் இந்து. அவங்க உச்சரிப்பு கொஞ்சம் வேற, ஆனா அதுதான்."

அவள் விரலைப் புருவத்துக்கு நடுவில் வைத்தாள். தரை அதிர்ந்தது. மிதித்தது தலைவர்.

"கல்லுல நாட்டுப் பேர் இருக்குன்னு சொல்றார். நீ நெத்தியைத் தொடற. நெத்தி எப்படி நாடாகும்?"

அவள் அதை அப்படியே வாயால் சொன்னாள். பேராசிரியர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்! அப்ப அது சாமி கும்பிடறதோட பேரே இல்லை. ஓர் ஆத்தோட பேர். சிந்துன்னு ஒரு பெரிய ஆறு. சிந்துன்னாலே ஆறுதான். மேற்கே இருந்தவங்க நாக்குல சகரம் ஹகரமா விழும். அதனால சிந்து, ஹிந்து ஆச்சு. இன்னும் மேற்கே போனா அந்த ஹகரமும் உதிர்ந்துபோச்சு. இந்துன்னா ஆத்துப்பக்கத்து நாடு. அப்புறம், ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். அவ்வளவுதான். பெரும்பாலானவங்க ஒத்துக்கிற சேதி இது."

இப்போது கையில் ஒரு சொல் வேண்டும். நெற்றி உதவாது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். மெக்கானிக் இடது முன்கையை நெஞ்சுக்கு முன்னால் குறுக்காகக் கிடத்தி, அதன் மேல் அலை ஓட்டி, வலது விரலால் அதற்கு அப்பால் சுட்டினான். நீளம் என்றார் தலைவர்; அலையை எடுத்துவிட்டார். தையல்காரர் சும்மா இருந்து பார்த்தார், முடியவில்லை. "ஆளைச் சேர்க்கலையே" என்று சுட்டுகிற ஒற்றை விரலுக்குப் பதில் விரல்களையெல்லாம் விரித்து நிற்க வைத்தார். அறை முழுக்க ஆறுகள் ஓடின. ஆறுகளுக்கு அப்பால் ஆட்கள் நின்றார்கள்.

"என்னம்மா நடக்குது?" என்றார் பேராசிரியர்.

"சொல் பண்றாங்க சார்."

"எவ்வளவு நேரமாகும்?"

"ஆயிடுச்சு."

மெக்கானிக் எழுந்தான். "அந்தப் பக்கம் இருந்தவன் எல்லாருக்கும் இதே பேரா? யாரைக் கும்பிடறேன்னு கேட்கலையா?"

"கேட்கலை. தூரத்துல நின்னு பார்க்கிறவனுக்கு ஆறுதான் தெரியும். வீட்டுக்குள்ள என்ன விளக்கு எரியுதுன்னு தெரியாது."

மெக்கானிக் தையல்காரரைப் பார்த்தான். "அப்ப என் முப்பாட்டனும் அதுல உண்டு."

"மழைக்கு உன் வீடு என் வீடுன்னு இருக்கா? நனைஞ்சிருப்பான், போ" என்றார் தையல்காரர். பிறகு அவரே கேட்டார்: "இது திட்டற வார்த்தையா? வெளியே இருக்கிறவன் வைச்சான்னு சொல்றீங்களே."

"பிறந்தப்ப இல்லை. வெறும் இடத்தோட பேர். பின்னாடி அந்தப் பக்கத்து மொழியில கறுப்பு, திருடன்னெல்லாம் கூட அதுக்கு அர்த்தம் ஏறிச்சு. அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் என்னதான் சொல்லலை? அதே சொல்லை வைச்சுக் காதலியோட கன்னத்து மச்சத்தைக் கொஞ்சின கவிஞர்களும் உண்டு."

"அவங்க அப்படிக் கூப்பிட்டாங்க. சரி. இவங்க தங்களை என்னன்னு கூப்பிட்டுக்கிட்டாங்க?" என்றார் தையல்காரர்.

பேராசிரியர் இல்லாத சாக்கட்டித் தூளைத் தட்டினார். "ஒரே பேர்னு ஒண்ணு இல்லை. ஊர்ப் பேர், குலப் பேர், கும்பிடற சாமியோட பேர். எல்லாரையும் சேர்த்துக் கட்டற பேர் உள்ளே இருக்கிறவனுக்கு எதுக்கு? உள்ளே கூப்பிட்டுக்கிற பேர் வேற. ஆத்துக்கு மேற்கே நின்னவனுக்கு அது காதுல விழுந்திருக்காது."

அவள் அந்த ஆட்களானாள். வேலை அப்படித்தான். ஆற்றின் இந்தப் பக்கம் நின்று தன் நெஞ்சைத் தொட்டாள். நாங்கள். எங்களுக்குள். நாங்கள் கூப்பிட்டுக்கொள்வது. அடுத்து வர வேண்டியது 'வேறு பெயர்'. வந்தது அதுவல்ல. வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்து லேசாக இழுத்தது.

அதைப் பார்த்தபோது அது முடிந்திருந்தது. பேராசிரியர் அடுத்த வாக்கியத்தில் இருந்தார். நிறுத்தித் திருத்தினால் அந்த வாக்கியம் போய்விடும், அதற்குள் அதற்கடுத்ததும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்த செருப்பு. போகட்டும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டாள். கையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அறையைப் பற்றி அப்படி நினைத்தாள்.

சிறிது நேரத்தில் பின்வரிசையில் அது தெரிந்தது. ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: ஆறு, அந்தப் பக்கத்து ஆட்கள் — இது வெளியே வைத்த பெயர். மணிக்கட்டு, இழுப்பு — இது உள்ளே கூப்பிட்ட பெயர். மற்றவர் அதைத் தன் கையில் செய்து பார்த்துக்கொண்டார். மெக்கானிக் செய்தான். சன்னலோரம் இருந்த மூன்று பெண்கள் செய்தார்கள். அவள் இத்தனை நாள் ஏங்கிய அசைவு இத்தனை கைகளில் இருந்தது. ஆனால் அது அவளல்ல.

தையல்காரர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏன் மணிக்கட்டைப் பிடிச்சுக் கூப்பிட்டுக்கிட்டாங்க? கையைக் கட்டி இழுத்துட்டுப் போனாங்களா? அடிமையா இருந்தாங்களா? அதை ஏன் இவர் சொல்லாம மறைக்கிறார்?"

இதை அவள் பேராசிரியருக்கு வாயால் சொல்ல வேண்டும். 'அடிமையா இருந்தாங்களா என்று கேட்கிறார்' என்று மட்டும் சொன்னால் போதும். அவர் இல்லை என்பார், தையல்காரர் உட்கார்ந்துவிடுவார், எல்லாம் அடங்கிவிடும். யாருக்கும் தெரியாது. இத்தனை பேரும் அம்மாவின் நாடாவை முன்பின் தெரியாத பழங்கால மனிதர்களின் கையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அடுத்த மாதம் யாராவது அதைக் கேரம் பலகையில் பேசுவார்கள். அவளுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

மணிக்கட்டையும் விடாமல் முழுக்கச் சொன்னாள்.

"மணிக்கட்டா?" என்றார் பேராசிரியர். "நான் எப்பம்மா மணிக்கட்டுன்னு சொன்னேன்?"

அவள் நின்ற இடத்திலிருந்து ஓரடி விலகினாள். அவளைப் போன்ற கைக்காரர்கள் தாங்களே பேச வேண்டுமென்றால் அப்படித்தான் விலகி நிற்பார்கள். இத்தனை வருஷத்தில் இந்த அறையில் அவள் விலகி நின்றதில்லை.

"இப்பப் பேசறது நான்" என்றாள், கையாலும் வாயாலும். "அவர் சொல்லலை. என் கை தப்புப் பண்ணிடுச்சு. அது அந்த ஆட்களோட பேர் இல்லை. என் பேர்."

தலைவர் கன்னத்தில் கோடு இழுத்தார். "உன் பேர் இதுதானே?"

"அது இங்க. இது வீட்டுல. அம்மா கூப்பிட்டது."

அதற்குப் பிறகு வாயை மறந்துவிட்டாள். நாடாவைச் சொன்னாள், கால் உதைப்பதைச் சொன்னாள், அம்மா இருட்டில் எழுந்து உட்காருவதைச் சொன்னாள். கையால் சொல்லும்போது நாடா இருந்தது, அதன் இரண்டு முனையும் இருந்தன.

"உங்க அம்மாவை எனக்கு அவங்க கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். ஒருநாளும் பார்த்ததில்லையே" என்றார் தலைவர்.

"வெளியே கூப்பிட மாட்டாங்க. இங்க வந்தா உங்க பேர்தான்."

தையல்காரர் இன்னும் உட்காரவில்லை. "நான் வைச்ச பேர் பிடிக்கலையா உனக்கு?"

"அப்படியெல்லாம் இல்லை மாமா. அந்தப் பேரைக் கூப்பிட நீங்க இத்தனை பேர் இருக்கீங்க. இதைக் கூப்பிட இப்ப யாருமில்லை."

சொன்ன பிறகுதான், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது. கையைக் கீழே போட்டாள்.

மெக்கானிக்தான் முதலில் அசைந்தான். "இப்படியா?" என்று மணிக்கட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான்.

"இந்த இழுப்பு இழுத்தா பிள்ளையோட கால் கையோட வந்துடும்டா. மெதுவா" என்றாள் அவள்.

"இப்படி?"

"இன்னும் மெதுவா. தூங்கற பிள்ளை காலால இழுக்குது, நட்டைத் திருகலை."

அவனுடைய மடங்காத விரல் வழியில் நின்றது. சிரித்துக்கொண்டே மற்ற விரல்களால் பிடித்தான். சன்னலோரப் பெண்கள் எந்தக் கை என்று கேட்டார்கள். இடது என்றாள். ஒரு பெண்மணி, தானும் அப்படி நாடா கட்டித்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்ததாகச் சொன்னார். ஆனால் அதைப் பெயராக்கத் தோன்றவில்லையாம். அம்மா போன பிறகு முதல்முறையாக அந்த அசைவு அவளுக்காக வேறு கைகளில் இருந்தது. அவள் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் மட்டும் செய்யவில்லை. தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அதை விட்டுவிட்டுக் கைகளை உயர்த்தினார்.

"ஒண்ணு சொல்லணும். அந்த அழுமூஞ்சியை நான் வைக்கலை."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் ஆட்டத்துல இருந்தேன். குழந்தை பலகைக்கு அடியில கிடந்தது யாருக்குத் தெரியும்? கீழேயிருந்து டயர் கடைக்காரன் ஏறி வந்தான். என் தோளைப் பிடிச்சு உலுக்கினான். கன்னத்துல இப்படி விரலை இழுத்துக் காட்டினான், குழந்தை அழுதுன்னு. அவனுக்கு நம்ம கை தெரியாது, தெரிஞ்ச மாதிரி காட்டினான். நான் திரும்பி உங்களுக்குக் காட்டினேன். அவ்வளவுதான். அது பேராகிப்போச்சு."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தான்; அந்த அறையில் அவள் காதிலும் பேராசிரியர் காதிலும் மட்டும் அது விழுந்தது. "காது கேட்கிறவன் வைச்ச பேரா! இத்தனை வருஷமா ஆண்டுவிழாவுல மார் தட்டுனீங்களே!"

"அழுத சத்தம் நமக்கு எப்படிடா தெரியும்? நீங்கதான் யோசிச்சிருக்கணும்" என்றார் தையல்காரர், தப்பு அவர்கள் மேல் என்பதுபோல. உட்கார்ந்தார். பிறகு தலைவரைப் பார்த்து, "அப்ப அந்தப் பேர் செல்லாதா?" என்று கேட்டார்.

தலைவர் யோசித்தார். எழுத்துக் கோக்கிற ஆள்; எதையும் தலைகீழாக ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

"யார் வைச்சா என்ன? கூப்பிட்டது நாம. இவளும் திரும்பினா. நல்லது கெட்டதுக்கெல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டோம், வந்தா. அது இனிமே டயர் கடைக்காரனோடது இல்லை."

"இது?" மெக்கானிக் மணிக்கட்டைக் காட்டினான்.

தலைவர் பதில் சொல்லுமுன் தையல்காரர் கையை உயர்த்தினார். "அது அவங்க அம்மா கட்டினது. நாம இழுக்கக்கூடாது." பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: "ஆனா தெரிஞ்சிக்கிட்டோம். அது யாருன்னு இனிமே எங்களைக் கேட்டா, நீன்னு சொல்லுவோம்."

அவள் கேட்டது இதுவல்ல. கேட்டதைவிடக் குறைவா கூடவா என்று அப்போது அவளால் அளக்க முடியவில்லை. சரி என்று தலையசைத்தாள்.

"ஏம்மா" என்றார் பேராசிரியர். சுவரோரம் ஒதுங்கி, கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். "இவ்வளவு நேரமா என்னமோ நடக்குது. நான் ஒருத்தன் நிக்கிறேன்."

அவள் பதறிப்போனாள். ஒரு வார்த்தைகூட அவருக்கு மாற்றித் தரவில்லை. அறையில் காது கேட்கிற ஒரே விருந்தாளி, ஒன்றும் புரியாமல் நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். எனக்கு யார் பேர் வைச்சதுன்னு பேசிட்டிருந்தோம்."

"யார் வைச்சது?"

"கீழ டயர் கடைக்காரராம்."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டார். "நான் மிச்சத்தைச் சொல்லி முடிச்சுடவா? எங்க விட்டேன்?"

"உள்ளே கூப்பிட்டுக்கிற பேர் வேறன்னு சொன்னீங்க."

அவள் ஓரடி நகர்ந்து பழைய இடத்தில் நின்றாள். பேராசிரியர் இந்தமுறை சபையைப் பார்த்தே பேசினார்.

"அப்புறம் பல நூறு வருஷம் போச்சு. வெளியே இருந்து வந்து தங்கினவங்க, இங்க இருந்தவங்களை அந்தப் பேரால கூப்பிட்டாங்க. இங்க இருந்தவங்களும் மெதுவா அதை எடுத்துக்கிட்டாங்க. முதல்ல, வந்தவங்க வேற நாங்க வேறன்னு காட்ட. ராஜாக்கள் சில பேர் பட்டப்பேர்ல சேர்த்துக்கிட்டாங்க. அப்புறம் கும்பிடற முறைக்கும் அது பேராச்சு. அதை ஒரு மதத்தோட பேரா எல்லா இடத்துலயும் எழுதறதெல்லாம் ரொம்பப் பின்னாடி, நேத்து மாதிரி. எந்த வருஷம்னு கேட்டீங்கன்னா சொல்ல முடியாது. ஒரே நாள்ல நடக்கலை."

அவளுடைய இடது முன்கை ஆறாகக் கிடந்தது. அதற்கு அப்பால் ஐந்து விரல்கள் ஆட்களாக நின்றன. அந்த விரல்கள் இப்போது நெற்றிக்குப் போக வேண்டும். எந்த வாக்கியத்தில் கிளம்புவது, எந்த வாக்கியத்தில் போய்ச் சேருவது என்று அவருக்கே தெரியவில்லை. கையை ஆற்றிலிருந்து மெதுவாக எடுத்தாள். மெதுவாக உயர்த்தினாள். நெஞ்சைத் தாண்டியது. தையல்காரர் முன்னால் சாய்ந்து பார்த்தார். மெக்கானிக்கும் பார்த்தான். அறை முழுக்க அந்தக் கை எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பேராசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். நிறையத் தாகம் போலிருந்தது. பேசுகிறவரை முந்திக்கொண்டு போகக்கூடாது. அவள் தாடைக்குப் பக்கத்தில் கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, அவர் குடித்து முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.